மறுமணம் செய்துகொள்ளாச் சான்று

ஃப்ரெஜுஸ். ஆகஸ்ட். பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரே மேடு.
குடைப் பைன்களில் சில்வண்டுகள்
மரமறுக்கிற மாதிரி கத்துகின்றன.
தேசிய மயானத்து அலுவலகச் சன்னலில்
லொயிக் என்ற பையன் கணினியில் உங்களைத் தேடினான்.
தெய்வசிகாமணி என்றேன்.
இல்லை மதாம்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
இல்லை மதாம்.
அப்புறம்தான் உறைத்தது:
பட்டாளத்துக் குமாஸ்தா உங்கள் அப்பன் பெயரைக்
குடும்பப் பெயராக்கி முன்னால் போட்டிருப்பான்.
கலியபெருமாள் என்றேன்.
உடனே வந்தீர்கள்.

வட்டமாய்ச் சுற்றிப்போகிற சுவர்.
தபாலாபீஸ் பெட்டிகள்போல் மாடம் மாடமாய் ஆட்கள்.
முப்பத்தைந்து வருஷம் தொங்கின் சேற்றில் கிடந்து
எலும்பாய் விமானமேறி வந்தவர்கள்.
நீங்கள் மேலிருந்து மூன்றாவது.
வலப்பக்கம் ஒரு மொரோக்கோக்காரர்.
இடப்பக்கம் பெயர் தெரியாதவர்.

நீங்கள் கப்பலேறியபோது நான் வயிற்றில்.
அம்மா இந்த வசந்தத்தில் சார்செலில் போய்ச் சேர்ந்தாள்.
அவள் உங்களிடம் சொல்லாததை
நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வருஷத்துக்கொரு நாள், பிப்ரவரியில்,
டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலை வெளியே வரும்.
காரைக்காலிலிருந்து முதல் பஸ்.
புதுச்சேரித் தூதரகத்தில், மின்விசிறிக்குக் கீழே,
'கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளவில்லை'
என்ற தாளில் கையெழுத்துப் போடுவாள்.
பொய்யில்லை அது.
யாரும் தாலி கட்டவில்லை, எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.
திரும்பும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில்
மாம்பழ மஞ்சளுக்கு மாறிவிடுவாள்.
எனக்கு ஒரு பன்னீர் சோடா,
வாயைத் திறக்காதிருக்க.

அவர் பெயர் இரத்தினசபாபதி.
ஐஸ் கம்பெனியில் வேலை,
மீன்படகுகளுக்குப் பாளம் உடைத்துக் கொடுப்பார்.
இரவில் பின்கதவால் வரும்போது
மேலெல்லாம் உமி ஒட்டியிருக்கும்.
எனக்குக் காய்ச்சலென்றால் துணி நனைக்க வேண்டாம்,
அவர் உள்ளங்கை போதும்.
அவரைத்தான் அப்பா என்றேன், வீட்டுக்குள்.
தெருவில் மாமா.

உங்கள் பென்சனில் ஓடு மாற்றினோம்.
நான் லிசே வரைக்கும் படித்தேன்.
அவர் அதில் ஒரு காசு தொடவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
தொட்டார். ஒரு சைக்கிள் வாங்கினார்.
முன்கம்பியில் துண்டைச் சுற்றிக் கட்டி
என்னை அதில்தான் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டார்.

அவர் செத்தபோது உரிமைக்காரர்கள் வந்து தூக்கிப்போனார்கள்.
அம்மா கதவிடுக்கில் நின்றாள்.
சாயங்காலம் பெட்டியைத் திறந்தாள்.
பிப்ரவரி இல்லை, ஐப்பசி.
எடுத்த வெள்ளையை
அதற்கப்புறம் அவள் மடித்து வைக்கவில்லை.
அவர் சாம்பல் அரசலாற்றில் போயிற்று.
பெயர்ப்பலகை என்று ஒன்றும் கிடையாது.

லொயிக் பின்னாலேயே வந்து
ஒரு துணி கொடுத்தான், பலகை துடைக்க.
உங்கள் அப்பாவா?
வுய் என்றேன்.
தொண்டைக்குள் இரண்டாவது வுய் ஒன்று
எழும்பி, அப்படியே நின்றுவிட்டது.

பலகை கொதித்தது, விரல் வைக்க முடியவில்லை.
கீழே மெஷினில் வாங்கின தண்ணீர் பாட்டில்
பைக்குள் வியர்த்துக் கிடந்தது.
எடுத்து உங்கள் பெயரோடு ஒட்டிப் பிடித்தேன்.
முதலில் கலியபெருமாள் நனைந்தார்.
நகர்த்தி, தெய்வசிகாமணி.
எடுத்தவுடன் இரண்டும் காய்ந்தன.
மறுபடி வைத்தேன்.

ஐந்து மணிக்கு மூடுவோம் மதாம்.
இருக்கட்டும் தம்பி என்றேன், தமிழில்.
அவனுக்கு என்ன புரிந்ததோ, நிழலுக்குப் போய் நின்றான்.
பாட்டில் இன்னும் சில்லென்றுதான் இருந்தது.